வடக்குக் கோடு

வடக்கு எது என்று
சேற்றிடம் கேட்க வந்திருக்கிறோம்.

வட கரேலியா. ஏரி உறைந்து கிடக்கிறது.
பனித்துளை வழியே ஏறி வருகிறது குழாய்:
வெளிறிய வரி, உருகிய பனியின் வெள்ளம்;
கறுத்த வரி, அதன்பின் வந்த குளிர்.
சேர்ந்தால் ஒரு வருஷம்.

ஒவ்வோர் இரும்புத் துகளும்
அன்றைய வடக்கைப் பார்த்தே விழுந்ததாம்.

நம்பலாமா?
முக்கால்வாசி, என்கிறாள் ஸைமி.
நூறு குளிர்காலம் மேலே ஏறிய பிறகே
துகள் அடங்குமாம்;
அந்தப் பாரத்தில் சாய்வும்
கொஞ்சம் படுத்துவிடும்.
புழு கிளறாதா?
அடியில் மூச்சில்லை, புழுவுமில்லை.

குழாயின் தலையைத் துடைக்கிறார் வெய்க்கோ.
வடக்குக் கோடு இல்லை.
இழுக்குமுன் கிழித்திருக்க வேண்டும்;
கை விறைத்திருந்தது.

ஒன்பதாயிரம் வருஷம் திசை மறக்காத சேறு
பலகையில் ஒழுகுகிறது.
அவர் துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
பத்தடி தள்ளி நடக்கிறார்.