மீதி எத்தனை

ரன்வா எதையும் தொடவில்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு
கர்சரை மட்டும் ஒரு சொல்லின் மேல் நிறுத்தினாள்.
அந்தச் சொல் 'மீதி'.
குட்டி மஞ்சள் பெட்டி ஒன்று திறந்து சொன்னது:
பன்னிரண்டு.

தோர்ஷாவ்னில் ஜூன் மாத இரவு.
இரவு என்று சொல்லிக்கொள்ளலாம்,
ஜன்னலை விட்டு வெளிச்சம் போகவே இல்லை.
பஃபின் பறவை பார்க்க மிச்சினஸ் தீவுக்குப் போகும் படகில்
இடமே இல்லை என்கிறது தளம்.
படகோ பாதி காலியாகப் போகிறது.
மூன்று வாரமாக இதே புகார்.
நிரலை நடுவழியில் நிறுத்தி
வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறாள்.
நிரல் அவள் கணினியில்தான் ஓடுகிறது,
அது கைவைத்திருப்பது நிஜப் பயணிகளின் பட்டியலில்.

சரிதானா என்று இன்னொரு முறை பார்த்தாள்.
பதினொன்று.

இந்நேரத்தில் யார் வாங்குகிறார்கள்?
விற்பனையில் ஒருவரும் இல்லை.
மீண்டும் பார்த்தாள். பத்து.
கசிவைப் பிடித்துவிட்டோம் என்ற வேகத்தில்
கண்காணிப்புச் சன்னலில் அந்தச் சொல்லை
நிரந்தரமாகக் குடிவைத்தாள்.
இனி ஒவ்வோர் அடிக்கும் அது தானாகவே சொல்லும்.
ஒன்பது, எட்டு,
ஏழு என்று சொல்லிக்கொண்டே போனது,
கேட்கக் கேட்க
கேட்டவளுக்கே கொடுத்தபடி.

'மீதி' ஓர் எண் அல்ல.
எண்ணின் சட்டை போட்ட ஒரு செயல்.
உள்ளே தும்மாஸ் எழுதிவைத்த குறிப்பு:
"கேட்பவர் வாங்கத்தான் கேட்கிறார்.
அவர் பணப்பையைத் தேடும் வரை
ஓர் இடம் பிடித்து வை."
நல்ல மனசு. தும்மாஸ் இப்போது
கிளாக்ஸ்விக்கில் சால்மன் வளர்க்கிறான்.
பிடித்த இடத்தை விடச் சொல்லும் வரியை
எழுத மறந்துவிட்டுப் போனான்.

ரன்வாவுக்குத் தெரியாத என் மொழியில்
இது யாரையும் திடுக்கிட வைக்காது.
கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதை விடுங்கள்,
அது பொறாமைக்காரர் விவகாரம்.
நான் இலக்கணத்தைச் சொல்கிறேன்.
தொட்டுப் பார், கேட்டுப் பார், உடைத்துப் பார்:
எந்த வினைக்குப் பின்னாலும்
அப்பாவி போல வந்து நிற்கும் 'பார்'.
தின்று பார் என்று தந்த பழம்
பார்த்து முடித்தபின் கையில் இருப்பதில்லை.

காலை. சோர்வாகுர் படகுத்துறை.
கால்நடை மருத்துவர் சுன்வோர்
தீவில் காலொடிந்து கிடக்கும் கிடாவுக்கு
மருந்துப் பெட்டியோடு நிற்கிறாள்.
இடமில்லை என்கிறது கைப்பேசி.
நேற்றிரவு ஆத்திரத்தில் எட்டு முறை
அவளும் கேட்டிருந்தாள்.
படகோட்டி ஹோக்னி திரும்பிப் பார்த்தான்.
பெஞ்சுகளில் இருபத்து மூன்று காலி.
மறுபடி எண்ணினான். அதே இருபத்து மூன்று.
மரம் பாவம்,
பார்த்தால் பார்த்தபடி இருக்கிறது.
"ஏறு" என்றான்.

ரன்வா அதற்குள் புதிய சொல் ஒன்று எழுதிவிட்டாள்:
'மீதி_சும்மா'.
எடுக்காது, பிடிக்காது, சொல்லும், அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?
கர்சரை அதன் அருகே கொண்டுபோய்
ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தியிருக்கிறாள்.
காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.
ஒருமுறை
பார்த்துப் பார்க்க வேண்டும்.