பூஜ்யப் பலகை

ஸ்கோர்போர்டின் முதுகுப்பக்கம் என் உத்தியோகம்.
எண் மாட்டாத கட்டம் எதுவோ
அதுதான் எனக்கு ஜன்னல்.
இன்னிங்ஸ் முடிய முடிய
ஜன்னல் நகரும்,
பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு
நானும் பின்னாலேயே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது,
மோஜி துறைமுகத்தின் புதிய அணி, முதல் சீசன்.
பிட்சர் குசகாபே சைபீரிய முகாமிலிருந்து திரும்பி
வருஷம் ஒன்று ஆகவில்லை.
வலக்கையில் இரண்டு விரலைப் பனி தின்றிருந்தது.
அதனாலோ என்னவோ அவன் பந்து வளையும்,
அவன் நினைத்த நேரத்தில் அல்ல.
ஜூன் சம்பளம் பாதி காசு, பாதி கருவாடு.

ஜூலையில் பூஜ்யங்கள் தீர்ந்துபோயின.
பலகை வாங்கப் பணமில்லை என்றார்
மேனேஜர் தொகுனாகா.
யாருக்கும் உதவாத எட்டின்மேல்
கப்பல் பெயிண்டால் ஒரு பூஜ்யம் எழுதினேன்.
ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன், நாமா?

கடைசி ஆட்டம். அக்டோபர்.
ஏழாவது இன்னிங்ஸில் நம் ஆட்கள் அடித்தார்கள்,
அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
நிலக்கரி இறக்குபவர்கள் பெஞ்சில் ஏறி நின்று
என் பக்கமே பார்த்தார்கள்.
பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன்.
பிறகு
ஒரு பூஜ்யத்தின் அடியில் இன்னொரு பூஜ்யத்தைக்
கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன்.

மைதானம் ஒரு கணம் எழுத்துக்கூட்டியது,
சிரித்தது,
அப்புறம்தான் கத்தியது.

பதினொன்றுக்கு ஒன்பது. தோற்றோம்.
குசகாபே பின்பக்கம் வந்து
சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டான்.
எண்களை இறக்க ஒரு கை கொடுத்தான்.
அந்த இரண்டை மட்டும் பிரிக்காதே என்றான்.

மறுநாள் தொகுனாகா வந்து
கம்பி கிளப்புக்குச் சொந்தம் என்று
பிரித்து வாங்கிப் போனார்.