ஃப்ளெக்ஸில் இல்லாத உடம்பு

மஞ்சக்குப்பம் ஃப்ளெக்ஸ் கடையில்
என் கழுத்துக்கு மேலே எல்லாம் தயார்.
"உடம்புதான் இல்ல சார்" என்றான் சந்தானராஜ்.
செவிலியர் தினத்துக்கென்று
அவன் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே உடம்பு:
வெள்ளைப் புடவை, தலையில் தொப்பி,
ஒரு கையில் விளக்கு,
மறு கையின் விரல் உதட்டின் மேல்.

அவளை நடுவில் அப்படியே விட்டுவிட்டு
கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டிய
வேறொருவன் உடம்பை எங்கிருந்தோ இழுத்து வந்து
என் தலையை ஓரத்தில் பொருத்தினான்.
"கெத்தா இருக்கீங்க, டாக்டர் மாதிரி."
சங்கத்துக் காசு. மாற்றச் சொல்ல நேரமில்லை.
கீழே மட்டும் 'தேசிங்கு, செவிலியர்' என்று
சின்ன எழுத்தில் இருந்தது.
மறுநாள் ஓ.பி. வரிசையில் நின்ற நாலு பேர்
என்னிடம் சீட்டை நீட்டினார்கள்.

வார்டில் எனக்குப் பெயர்கள் பல.
தம்பி. சார். கம்பவுண்டரு.
ஊசி நேரத்தில், பாதித் தூக்கத்தில்
"சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு
மீசையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.
நான் திரும்பித்தான் பார்க்கிறேன்.
வலிக்கிறவர் கூப்பிடும் சொல்லில்
ஆண்பால் பெண்பால் தேடிக்கொண்டிருந்தால்
ட்ரிப் நின்றுவிடும்.

புவனகிரியில் பெண் பார்க்கப் போன அன்று
தரகர் முந்திக்கொண்டு
"மெடிக்கல் டிபார்ட்மெண்ட்" என்றார்.
"நர்ஸு" என்றேன் நான்.
காபி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்த ஐப்பசி. கெடிலம் கரை தொட்டு ஓடிய இரவு.
பதினேழாம் கட்டில், குறிஞ்சிப்பாடி பாவாடை.
மூன்று நாள் பேதி. கால் துவண்டுவிட்டது,
கழுத்தைத் தூக்க முடியவில்லை.
இரண்டு நாற்பதுக்கு ரிசல்ட்:
பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்று.
இருபத்தாறு மணி நேரமாகத் தூங்காத
பயிற்சி மருத்துவர்
கேஸ் ஷீட்டில் 'ஒரு ஆம்பூல்' என்று எழுதினார்.
எதில் கலப்பது, எவ்வளவு நேரம், எழுதவில்லை.
"நேரா போட்டுடுங்க."

பார்த்தால் வெறும் தண்ணீர்.
கலக்காமல் நரம்பில் போனால்
இதயம் அங்கேயே நின்றுபோகும்.

"போட மாட்டேன், டாக்டர்."
"ஆர்டர் எழுதியிருக்கேன்ல?"
"எழுதியிருக்கீங்க. போட மாட்டேன்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.
பன்னிரண்டாம் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
டாக்டர் ஷீட்டைப் பார்த்தார். ஆம்பூலைப் பார்த்தார்.
முகத்தை ஒருமுறை கையால் துடைத்துக்கொண்டு
பேனாவைத் திறந்தார்:
ஐந்நூறு மில்லி சலைனில், நாலு மணி நேரம்.
அவர் கை நடுங்கியது.
எனக்கும்தான்.

நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு.
ஸ்டூலை இழுத்துப் போட்டு எண்ணினேன்.
மழைச் சத்தத்தில் இரண்டு தடவை எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து தொடங்கினேன்.
விடியும்போது பாவாடை
கால் கட்டைவிரலை அசைத்தார்.

பதிவேட்டில் ஒரே வரி:
'மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது,
உத்தரவு திருத்தப்பட்டது.'
அந்த வாக்கியத்தில் எழுவாய் கிடையாது.
எங்கள் வாக்கியங்கள் எல்லாமே அப்படித்தான்.

டிஸ்சார்ஜ் அன்று பாவாடை
டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.
என்னிடம் ஐம்பது ரூபாய் நீட்டி
"டீ சாப்புடு தம்பி" என்றார்.
வாங்கவில்லை. கோபமும் இல்லை.
டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் போனார்.
ஆனால் அதற்குப் பிறகு
எந்த ஆர்டர் எழுதினாலும்
ஷீட்டை ஒரு நொடி என் பக்கம் திருப்பிவைக்கிறார்,
பேசாமல்.

கார்த்திகையில், புயல் எச்சரிக்கை ஏறிய மாலை,
தேவனாம்பட்டினம் கரையில்
எங்கள் ஃப்ளெக்ஸ்
ஒரு படகின் எஞ்சினை மூடியிருந்தது.
கோட்டுப் போட்ட நான் மடிப்புக்குள் போய்விட்டேன்.
வெளியே தெரிந்தது அவள் மட்டும்,
தூறலில் நனைந்தபடி,
இன்னும் உதட்டிலிருந்து விரலை எடுக்காமல்.

காற்றில் ஒரு மூலை படபடத்தது.
தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து
இரட்டை முடிச்சுப் போட்டேன்.
யார் படகென்று தெரியாது.
ஏழரைக்கு நைட் டியூட்டி.
பஸ் வந்துவிட்டது.