ஏழாம் நம்பர் மலை

நூற்று எண்பத்தேழு விண்வெளி நாவல் எழுதினவர்
ஒரு தடவைகூட பிளேனில் ஏறினதில்லை.
சரகோசாவில் நாலாம் மாடி. லிஃப்ட் பழுது.
சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்:
'மேலேயிருந்து பார்த்தால்
மேகம் எப்படி இருக்கும், பூங்கா?'

நான் பூங்காவனம்.
அவருக்குப் பாதிதான் வாயில் நுழைந்தது.
அவர் எலாதியோ. அதுவும் புத்தகத்தில் இல்லை.
முகப்பில் ராய் ஹெல்மன் என்றிருக்கும்.
ஸ்பானியப் பெயர்க்காரன் ஓட்டுகிற ரொக்கெட்டில்
எவன் காசு கொடுத்து ஏறுவான் என்றாராம் பதிப்பாளர்.
பகலில் வீடு வீடாய் காஸ் மீட்டர்,
இரவில் சனிக்கிரகம்,
வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறு பக்கம்.
ஒன்று குறைந்தாலும் காசு பிடிப்பார்கள்.

இது எனக்கு உடனே விளங்கியது.
பதினெட்டுக் கிலோவில் ஒரு கிலோ குறைந்தால்
அரைப்பேர் போடுகிற தோட்டத்திலிருந்து போனவள்.

மேகத்துக்குப் பிளேன் எதற்கு என்றேன்.
பொகவந்தலாவையில், ஏழாம் நம்பர் மலையில்
காலை ஏழரைக்குக் கொழுந்தெடுக்க நின்றால்
மேகம் முழங்காலுக்குக் கீழே கிடக்கும்.
லயக் கூரை, மாடசாமி கோயில், கந்தோர்
எல்லாம் முங்கிப்போய்
சிவனொளிபாதம் மட்டும் எதிரே,
யாரோ மறந்து விட்டுப்போன கூடாரம் மாதிரி.
அட்டை கடித்தால்தான் கால் இருப்பது தெரியும்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடினார்.
அட்டைக்கு எத்தனை வாய்,
உப்புப் போட்டால் சாகுமா,
மேகத்துக்குள் நிறுப்பவன்
தராசு முள்ளை எப்படிப் பார்ப்பான்?
என் அரைகுறை ஸ்பானிஷ் தீர்ந்து
கையால் காட்டிக்கொண்டிருந்தேன்.
மருந்து நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

நூற்று எண்பத்தெட்டாவதை யாரும் கேட்கவில்லை.
பதிப்பகம் மூடி முப்பது வருடம்.
அதில் ஒரு கிரகம். தரையில்லை, மேகம்தான் தரை.
பெண்கள் கூடை மாட்டி இலை பறிக்கிறார்கள்.
ரொக்கெட் இறங்குகிறது. கதவு திறக்கிறது.
அப்புறம் என்ன என்று என்னைத்தான் கேட்டார்.
'நிறுவை முடியட்டும். அதுவரை
யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.'
அப்படியே எழுதினார்.
நாற்பத்தோராம் பக்கம். அதற்குமேல் கை ஓடவில்லை.

செத்தவீடு முடிந்து மகள் அந்தத் தாள்களைத் தந்தாள்,
ஒரு கம்பளிச் சட்டையோடு.
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதில் என்றும் சொல்லலாம்.

இப்போது அரிசி வாளிக்கு மேலே, பொலித்தீன் உறையில்.
இந்த லயத்தில் ஸ்பானிஷ் வாசிக்க நான் ஒருத்தி.
முதல் பக்கத்தில், பென்சிலில், கப்டனுக்கு முழுப்பேர்:
பூங்காவனம் முனியாண்டி.
என் பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்து
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்,
அதிலிருக்கிற பிழையோடு.