சமவாய்ப்பு

கோடை ஆய்வுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்.
புள்ளியியல் இரண்டாமாண்டில் விண்ணப்பித்தவர்கள் நாற்பத்தொருவர்,
இடம் இரண்டு.
எனக்கும் நிலோபருக்கும் கிடைத்தது
திறமையாலா, தற்செயலாலா என்று
இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

குடியாத்தத்தில் அறுபது வீடு.
கேள்வி ஒன்றுதான்: போன மாதம்
எத்தனை நாள் வேலை இருந்தது?
வேலூரில், கல்லூரி லேபில், மின்விசிறி ஓடாத மே மாதத்தில்
கணினி குலுக்கிப் போட்டது.
பதினேழாவதாய் விழுந்தது
எங்கள் வீட்டுக் கதவு எண்.

எடுத்துவிடலாமா என்றேன்.
"சமவாய்ப்பு மாதிரின்னா உங்க வீட்டுக்கும்தானே?"
படிவத்தைத் தானே வாங்கிக்கொண்டாள் நிலோபர்.

அம்மா அவளுக்கு நாற்காலி போட்டாள்.
தீப்பெட்டி ஒட்டிய பசையை
முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு, என் பக்கம் திரும்பாமல்,
பதினொன்று என்றாள்.

போனில் என்னிடம் சொன்னது
மாசம் பூரா வேலைடி.

நிலோபர் எழுதினாள். நன்றி சொன்னாள்.
திரும்புகிற பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசவில்லை.
பாலாற்றுப் பாலம் வந்ததும்
கீழே வெறும் மணலை
இருவரும் ரொம்ப நேரம் பார்த்தோம்.

அட்டவணையில் பெயர் கிடையாது.
வரிசை 17, நாள் 11.
சராசரி பதினான்கு புள்ளி இரண்டு.

பணம் ஆகஸ்டில்தான் வந்தது.
மை மங்கிய பஸ் டிக்கெட்டுகள் செல்லாதென்று
அலுவலகம் அறுநூற்று நாற்பதைக் கழித்திருந்தது.
அறை வாடகை பாக்கி போக
கையில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

எவ்ளோடி வந்துச்சு என்று அம்மா கேட்டாள்.
முழுசா வந்துச்சும்மா என்றேன்.