முழுப்பேர்

பெர்த்ஷயரிலிருந்து கடிதம்.
கிளென்ஃபார்க் தோட்டம் என்று எழுதியிருந்தார்கள்;
நாங்கள் மூணுகல் என்போம்.
கூடவே ஒரு குடும்ப மரம், நாலாக மடித்து.
மெக்கின்ராய் வகையறா, ஆறு தலைமுறை,
ஆட்டுப்பட்டி வாங்கிய வருடம்கூட விடாமல்.
ஒரு கிளை மட்டும் சட்டென்று நிற்கிறது:
யூவன், சின்னத்துரை, மணமாகாதவர், வாரிசில்லை.
இங்கே பதிவு ஏதும் இருந்தால்
பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கரையான் தின்றது போக
செக்ரோல் பதினாலு, அரிசிப் புத்தகம் ரெண்டு,
குதிரைக்குக் கொள்ளு வாங்கிய சிட்டை ஒரு கட்டு.
குதிரைக்குப் பெயர் இருக்கிறது. ஃப்ளோரா.
லயத்தில் பிறந்தவை
ஆண் ஒன்று, பெண் ரெண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆடி மழை.
எட்டாம் லயம், பிச்சாயி.
கொழுந்து குறைந்த நாளெல்லாம் அரைப்பேர்.
பிறகு மூன்று மாதம்
மலைக்கே வராதவளுக்கு
நாள் தவறாமல் முழுப்பேர்.
கணக்குப்பிள்ளையின் கறுப்பு மையில்லை அது.
நீலம். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.
அரிசிப் புத்தகத்திலும் அதே நீலம்,
கால் புசல் கூடுதலாக.
அந்தக் கையைக் கொள்ளுச் சிட்டையில் பார்த்திருக்கிறேன்.

தேயிலையும் மரம்தான்.
விட்டால் முப்பது அடி போகும்.
இடுப்பைத் தாண்டாமல்
கவ்வாத்துக் கத்தி பார்த்துக்கொள்கிறது.

பிச்சாயி வழியில் இப்போது மிச்சம் தவச்செல்வன்.
மஸ்கெலியா டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறான்.
பூனைக்கண்ணன் என்றால்தான் ஸ்டாண்டில் தெரியும்.
பின்சீட்டில் புத்தகத்தை விரித்தேன்.
நீல மையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
மழை பிடிக்கவும் ரெக்சின் மறைப்பை இறக்கிவிட்டு,
"அவ சம்மதிச்சான்னு எங்கயாவது எழுதியிருக்கா?"
தேடிவிட்டேன், இல்லை என்றேன்.
சம்பளக் கட்டத்தில் கைநாட்டு இருக்கிறது,
அது எல்லாருக்கும் இருப்பதுதான்.

கொஞ்சம் கழித்துச் சிரித்தான்.
"ஏழு பேர்ச்சஸ் காணிக்கு எட்டு வருசமா நடக்கிறேன்.
இந்தத் தாளக் காட்டினா குடுப்பாங்களா?"
ஹயர் வந்துவிட்டது, நல்லதண்ணிக்கு.
ஸ்டார்ட் செய்தவன் தலையை வெளியே நீட்டி,
"அந்த ஆளுக்குக் கீழ என்னய எழுதாதீங்க.
எழுதுறதுன்னா பிச்சாயிக்குக் கீழ."

அவர்களுடைய மரத்தை மடித்து வைத்துவிட்டு
வேறு தாள் எடுத்தேன்.
பிச்சாயி.
அவளுக்கு மேலே யார்? எந்த ஊர்?
ஆள் கட்டிய கங்காணியின் பெயர் இருக்கிறது,
அவன் அவளுக்கு யாருமில்லை.
கழுத்தில் கட்டிவந்த தகரச் சீட்டு எண் இருக்கிறது,
மூவாயிரத்து நூற்று எண்பத்து நாலு.
இப்போதைக்கு
அதை எழுதியிருக்கிறேன், பென்சிலால்.