இருபது கிலோ

திங்கள் சாயங்காலம் இடி இறங்கி
எடைமேடைக் கொட்டகையின் பழைய கணினியைச் சாகடித்தது.
புதன் காலை, பசியாறக்கூட விடாமல் யோகேஸ்வரி போன்.
"புதுசு வந்துருச்சு.
ஆனா வயரச் சொருக எடமே இல்ல."

கடைக்காரன் சிரித்தானாம்,
அந்த ஒன்பது ஊசியெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா என்று.
எடைமேடை வைத்திருக்கிறது.
அறுபது டன் தாங்கும் இரும்புக்கு
அந்த ஒன்பது ஊசி வழியாகத்தான் பேசத் தெரியும்,
அதுவும் மெதுவாக.

பையிலிருந்து ஹப்பை எடுத்தேன்.
ஒரு பக்கம் யூஎஸ்பி வால், மறுபக்கம் நான்கு வாய்.
எடைமேடைக்கு ஒன்று.
லோரிக்காரர்கள் அண்ணாந்து பார்க்கும் சிவப்பு எண்பலகைக்கு ஒன்று.
சீட்டடிக்கும் பிரிண்டருக்கு ஒன்று.
நான்காவது
யாருக்கு என்று எனக்கும் தெரியாது, அப்படித்தான் விற்கிறார்கள்.

முன்பக்கம் சொருகினேன், வால் எட்டவில்லை.
பின்பக்கம் மாற்றினேன்.
அதற்குள் ஐந்து முதல் எட்டு வரை பட்டா எழுதியாயிற்று.
இப்போது ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
எடைபோடும் நிரலுக்கோ நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது.

மறைந்திருப்பவற்றையும் காட்டு என்றேன்.
வெளிறிய எழுத்தில் வந்து நின்றன
முன்பக்கத்து நான்கும்,
ஆள் போன பிறகும் எண்ணை விடாமல்.
ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஒன்றாம் எண் மட்டும் அசையவில்லை:
பெட்டிக்குள் பலகையில் இருக்கிறது அந்த வாய்,
வெளியே வர ஓட்டை போடவில்லை.
இருக்கட்டும். இரண்டு, மூன்று, நான்கு போதும்.

"நம்பர மாத்துனா கோளாறு வராதா?"
வயர் அதே வயர்தான்.
பெஸ்தாரி ஜெயா என்று பலகை நட்டு எத்தனை வருஷம்.
வாசலில் நிற்கும் பதினொரு லோரியில்
ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் இல்லை.
பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் பழம் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் எண் வரவில்லை.
கேள்விக்குறி, கட்டம், ஒற்றைக் கொம்பு.
அது நிதானமாய்ச் சொல்ல, நான் அவசரமாய்க் கேட்டிருக்கிறேன்.
வேகத்தை இரண்டாயிரத்து நானூறுக்கு இறக்கினேன்.
எண்பலகை அப்போதும் இருட்டு:
நான் செய்த கேபிளில் வாய்க்கு நேரே வாய்.
இருவரும் பேச, கேட்க ஆளில்லை.
இரண்டாம் கம்பியை மூன்றுக்கும் மூன்றை இரண்டுக்கும் மாற்றிப் பற்றவைக்க
ஈயப்புகை கண்ணில் ஏறியது.

வெளியே ஆ சியோங் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை.
வெயிலில் பழம் புளிக்கும், அவர் கோபம் நியாயம்.

திரையில் வந்தது
20.

வெற்று மேடை. பூஜ்யம் காட்ட வேண்டும்.
கேபிளை அசைத்தேன். 20.
ஹப்பைப் பிடுங்கிச் சொருகினேன். 20.
பிழை என்றால் நடுங்கும், தாவும்.
இது
சொன்னதையே சொல்லும் சாட்சி மாதிரி.

யோகேஸ்வரி எழுந்து ஜன்னலைத் துடைத்தாள்.
மேடையின் நட்ட நடுவே,
சூடேறிய இரும்பில் விலாவைப் பரத்தி
ஆலையின் செம்பட்டை நாய்.

"வெரட்டாதீங்க," என்றாள், "பிரிண்டர் இன்னும் பாக்கல."
வண்டி எண்ணுக்கு ஒரு கோடு போட்டாள்.
சரக்கு: நிரலில் இருப்பதே ஒன்றுதான், செம்பனைக் குலை.
தரம்?
கொஞ்சம் யோசித்து, நன்கு பழுத்தது என்று தட்டினாள்.
இரண்டு நாளாய்க் கையால் எழுதி வீங்கிய விரல்.

பிரிண்டர் கத்திய கத்தலில்
நாய் ஒரு காதைத் தூக்கியது.
பிறகு எழுந்து, உடம்பை உதறி,
சாய்தளத்தில் இறங்கிப் போனது.
சிவப்புப் பலகையில் 20 ஒரு கணம் தடுமாறி

0.

ஆ சியோங் கியரைப் போட்டார்.
நான்காவது வாயில் தூசி போகாமல் டேப் ஒட்டினேன்.